அத்தான் கேட்டுச் சொல்லட்டும்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? குளிர் விடும் வரைக்கும் மாடிப்படி ஏறாதே என்று சொன்னேன், நீ கேட்டிருக்க மாட்டாய்.

போனில் கூப்பிட்டால் எப்போதும் நீதான் எடுக்கிறாய். அத்தான் எங்கே என்றால் குளிக்கிறார் என்கிறாய். போன மாதம் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் குளித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை. அதனால் நீ சொன்னபடியே கடிதம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, கை பழக்கம் விட்டுப்போய்விட்டது.

விஷயம் இதுதான். லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டேன். பதறாதே, வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் மலிவாகச் செய்து விற்கிற ஒரு கம்பெனி. இப்போது புதிதாக ஒன்றை இறக்கப்போகிறார்கள். அத்தான் ஸ்டூடியோவில் இருக்கிறதே, அந்தப் பழைய இரும்புப் பெட்டி, ஸ்பிரிங் ரிவெர்ப், அதே மாதிரி ஒன்றைச் சின்ன விலையில் செய்யப்போகிறார்கள். குரலை ஒரு பக்கம் உள்ளே விட்டால் சுருள் கம்பி வழியாக அதிர்ந்து ஓடி, மறுபக்கம் பெரிய மண்டபத்தில் நின்று பாடின மாதிரி வெளியே வருமே, அது. கம்ப்யூட்டரே இதை இன்று செய்துவிடும். ஆனாலும் பாட்டுக்காரர்களுக்கு நிஜக் கம்பி வேண்டுமாம். பழைய பெட்டி கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாங்க முடிகிற விலையில்லை.

நேர்காணலில் மேனேஜர் கேட்டார்: “ஒரிஜினல் பெட்டிய நேர்ல பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேனாவா? எங்க அத்தான் ஸ்டூடியோல அதுமேலதான் டீ டம்ளர் வைப்பேன். அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டும் இருக்கேன் சார்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவரு கேட்டுச் சொல்வாரா?”

“எங்க அத்தான் காதுக்கு எதுவும் தப்பாது சார். பக்கத்து ரூம்ல ஃபேன் ஓடினாக்கூட பதிவ நிறுத்திடுவாரு.”

அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். ஆக எனக்கு வேலை கிடைத்தது என் கையால் இல்லை, அத்தான் காதால். மாதிரிப் பெட்டி தயாரானதும் அனுப்புகிறேன். பழையதோடு பக்கத்தில் வைத்துக் கேட்டு, எது குறை, எது கூட என்று அத்தான் சொல்லட்டும். கூச்சப்படாமல் திட்டச் சொல்.

பாப்பாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 6

என் அன்புத் திருப்புளிக்கு,

ஒரு ரேடியோவையும் மூடியோடு இருக்கவிடாமல் வளர்ந்த பிள்ளை நீ. இன்றைக்கு அதையே வேலையாகக் கொடுத்து ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். சந்தோஷம். நாங்கள் சுகம். முழங்கால் அப்படியேதான். மாடிப்படி ஏறாமல் துணி காய்வதில்லை.

உன் கடிதத்தை உன் அத்தான் தபால்காரரிடமிருந்து வாங்கி வாசலிலேயே நின்று படித்தார். சிரித்தார். அவர் சிரித்து நாளாகிவிட்டது, அதனால் எனக்கு முதலில் என்னவோ ஏதோ என்றிருந்தது. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். தோய்க்கப் போடும்போது எடுத்து வைத்தேன், ராத்திரி தேடி மறுபடி எடுத்துக்கொண்டார்.

“அனுப்பச் சொல்லு. கேக்கறேன்னு எழுது” என்றார். பதிலை அவரையே எழுதச் சொன்னேன், நீயே எழுது என்றுவிட்டார்.

இனிமேலும் கடிதமாகவே எழுது. போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்குள் பேச்சு தீர்ந்துவிடுகிறது. காகிதம் என்றால் அவர் நாலு தரம் படிப்பார். இங்கே வந்து சேரப் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஸ்டூடியோவில் இப்போது அவ்வளவாக ஆள் வருவதில்லை. விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இது அப்படியான சமயம் என்கிறார். வீட்டில் சும்மா இருப்பதால் குரல்தான் பெரிதாகிவிட்டது. போன வாரம் “உப்பு எங்க?” என்று அவர் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டையென்று நினைத்துச் சுவரோரம் எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாப்பா பரீட்சைக்குப் படிக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு வைக்கிறாள். முன்பெல்லாம் ஸ்பீக்கரை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று அவளைப் படாதபாடு படுத்துவாரே, இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளை நிம்மதியாக இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. அந்த மேனேஜரிடம் அதிகம் பேசாதே, உன் வாய் உனக்கு எதிரி.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா, அத்தான்,

எல்லோரும் நலமா? எனக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது தேவலை.

இத்துடன் ஒரு பார்சல் வந்திருக்கும். துணி சுற்றியிருப்பதுதான் பெட்டி. பதமாகப் பிரியுங்கள், மூடி லேசானது. லேசு என்ன, தகரம்தான். பழைய பெட்டி கனத்த இரும்பு, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். அதே இரும்பைப் போட்டால் கப்பலில் அனுப்பியே கம்பெனி மூழ்கிவிடும் என்று மேனேஜர் மெல்லிய தகட்டுக்கு மாறச் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆணி. எது சொன்னாலும் “செலவு, செலவு” என்று ஒரே இடத்தில் அடிப்பார்.

சுருளை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார், கம்பி சுற்றுவது அவர் வேலை. கையில் பிடித்து இழுத்துப் பார்த்து, “இது பாடாது” என்று சிலதைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஆணி தலையில் கை வைத்துக்கொள்வார். கேட்டுச் சோதிக்கிற இடத்தில் ஒரு பெண். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள், அதனால் பாட்டுக்காரி. இந்த மாதிரியைக் கேட்டுவிட்டு அவள் நன்றாக இருக்கிறது என்றாள். ஆணி நம்பவில்லை. “உங்க அத்தான் கேட்டுச் சொல்லட்டும்” என்கிறார். இப்போது கம்பெனியில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கான்டீனில் டீ ஆறிப்போனால்கூட “அவங்க அத்தான் கேட்டுச் சொல்லட்டும்பா” என்று கிண்டல்.

அத்தான், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் இது நிற்குமா?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் திருப்புளிக்கு,

சுகம். சளிக்கு ஆவி பிடித்தாயா? மருந்தை மட்டும் நம்பாதே.

பெட்டி ஒரு கீறலில்லாமல் வந்தது. உன் அத்தான் அன்று சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஸ்டூடியோவைத் திறந்து, தூசி தட்டி, பழைய பெட்டியையும் உன்னுடையதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கையையும் இரண்டு பெட்டி மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாதி நாள் அப்படியே. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பேஸு, அந்த அடிச்சத்தம், ரொம்ப கனம். பழையதுல இவ்வளவு கிடையாது. ஒரு தடவ தட்டினா நிக்கவே மாட்டேங்குது, உதறிக்கிட்டே இருக்கு. அடிய நல்லா குறைக்கச் சொல்லு. சுருள் சீக்கிரம் அடங்கற மாதிரி எதையாவது வச்சு அமுக்கச் சொல்லு.”

இதைச் சொல்லிவிட்டு, “சரியா எழுதினியா, வாசிச்சுக் காட்டு” என்றார். காகிதத்தையே வாங்கிப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நீயும் உன் பக்கத்தில் இருக்கிறவர்களும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுப் பார்த்தே செய்யுங்கள். அந்தப் பாட்டுக்காரப் பெண் நன்றாக இருக்கிறது என்றாளே, அவளும் கேட்டுத்தானே சொல்லியிருப்பாள்.

பாப்பா பரீட்சை நன்றாக எழுதினாளாம்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா, அத்தான்,

நலம். ஆவி பிடித்தேன், போதுமா?

அத்தானுக்கு ஒரு பெரிய கும்பிடு. சொன்னபடியே செய்துவிட்டோம். அடிச்சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். சுருளுக்கு அடியில் ஸ்பாஞ்சு ஒட்டினேன். தட்டினால் டக்கென்று அடங்கிவிடுகிறது. பாட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள்.

“நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப எதுக்குக் கழுத்தப் பிடிக்கிறீங்க?” என்றாள்.

“நீ ஒரிஜினல கேட்டிருக்கியா?” என்றேன். இல்லை என்றாள். “அப்ப சும்மா இரு” என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

இரண்டு கையையும் பெட்டி மேல் வைத்துக் கேட்டார் என்று நீ எழுதினதை ஆணியிடம் சொன்னேன். அவருக்குப் புல்லரித்துவிட்டது. “அனுபவம்னா அதுதான்யா. காது மட்டும் இல்ல, கையும் கேக்குது பாரு” என்றார். அந்த வரியை விளம்பரத்தில் போடலாமா என்று யோசிக்கிறாராம்.

இரண்டாவது மாதிரி பார்சலில் வருகிறது. சரி என்று அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் அச்சு வார்க்கக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு மாற்ற முடியாது. அதனால் நிதானமாகக் கேட்டே சொல்லட்டும்.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே ஒன்று மாற்றி ஒன்று வேலை.

பெட்டி வந்தது. உன் அத்தான் பார்த்தார். சரி என்றார். இப்போதுதான் பழையது மாதிரியே இருக்கிறது என்றார். மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

வேறொன்றுமில்லை. அங்கே பெரிய காது ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரண்டு காதும் திடீரென்று கேட்காமல் போய்விட்டது. இங்கே பார்த்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அங்கே கூட்டிக்கொண்டு வந்தால் பிரயோஜனம் உண்டா என்று விசாரித்து எழுது. மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா, அத்தான், பாப்பா,

எல்லோரும் நலமா? நான் நலத்துக்கும் மேலே!

பெட்டி வெளியே வந்துவிட்டது. முதல் நாளே எதிர்பார்த்ததைவிட அதிகம் போய்விட்டது. கம்பெனியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சட்டை கொடுத்தார்கள், முதுகில் பெட்டி படம் போட்டது. எனக்குப் பெரிய அளவு கொடுத்துவிட்டார்கள், போட்டால் நானே பெட்டிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆணி எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, “இவங்க அத்தான் இல்லேன்னா இது இல்ல” என்றார். கண் கலங்கிவிட்டது அக்கா. அப்பா போன பிறகு எனக்கு ஒரு கைத்தட்டல் கிடைத்தது இதுதான்.

அத்தானுக்கென்று முதல் வரிசையில் வந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். அது கேட்டுச் சொல்வதற்கு இல்லை, வைத்துக்கொள்வதற்கு. மேலே டீ டம்ளர் வைத்துக்கொள்ளலாம், நான் அடிக்க மாட்டேன்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது தொகுதிக்கு இரவு ஷிப்டும் போட்டுவிட்டார்கள். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 27

அக்கா,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள். ஜூலையில் அனுப்பின பெட்டிக்கு ஒரு வரி பதில் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது புரிகிறது.

பெட்டிகள் திரும்பி வருகின்றன. வாங்கினவர்கள் பழைய பெட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்து வாசித்துக்காட்டி வீடியோ போட்டிருக்கிறார்கள். முதல் வீடியோவை ஆணி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டுக்காட்டினார். பழையதில் ஒரு தடவை மீட்டினால் சத்தம் கடல் மாதிரி எழுந்து போய்த் திரும்பி வருகிறது. நம்முடையதில் தகரக் குழாய்க்குள் தும்மின மாதிரி இருக்கிறது. ஒருவன் அதை வைத்தே பாட்டுக் கட்டிச் சிரிக்கிறான். பாட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு முதல் மாதிரியோடு சேர்த்துச் செய்து இங்கேயே வைத்திருந்த ஜோடிப் பெட்டியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அதுதான் சரி, அக்கா. பழையதுக்குப் பக்கத்தில் கௌரவமாக நிற்கிறது. அத்தான் கெடுக்கச் சொன்ன பிறகுதான் கெட்டிருக்கிறது.

ஆணி கேட்டார்: “உங்க அத்தான்கிட்ட ஒரிஜினல் இருக்குல்ல? நம்ம பெட்டி நல்லா வந்தா அதுக்கு யாரு மதிப்புக் குடுப்பா? யோசிச்சியா?”

நான் சட்டையைப் பிடிக்கப் போனேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். யோசித்து யோசித்து எனக்கும் வேறு காரணம் கிடைக்கவில்லை. பக்கத்து ரூம் ஃபேன் சத்தம் கேட்கிற மனிதருக்கு இது எப்படிக் கேட்காமல் போகும்? தெரிந்துதான் செய்தாரா? என்னைப் பிடிக்கவில்லை என்றால் முடியாது என்று சொல்லியிருக்கலாமே. அத்தானே நேராகப் பதில் எழுதட்டும். நீ நடுவில் எழுதாதே.

என்னை இப்போது திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

தம்பி


நவம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நீ நடுவில் எழுதாதே என்றாய். நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நலமா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவும் பயமாக இருக்கிறது.

உன் அத்தானுக்குக் காது கேட்பதில்லை.

போன வருஷ மழைக்காலத்தில் வலது காது அடைத்த மாதிரி இருக்கிறது என்றார். சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாங்களும் சளிதானே என்று இருந்துவிட்டோம். டிசம்பரில் ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் சத்தமில்லாம பேசற?” என்றார். நான் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றோடு இடதும் போய்விட்டது. பெரிய டாக்டர்களிடமெல்லாம் காட்டினோம். நரம்பே போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். நீ போனில் கூப்பிட்டபோது அவர் குளிக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, நான் யாரோடு பேசுகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்குச் சொல்லிவிடத்தான் இருந்தேன். அதற்குள் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது அத்தான் காதால் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, “அவன்கிட்ட சொல்லாத. சொன்னா அவன் வேலை போயிடும்” என்றார். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை அவர் சொல்லவில்லை. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரை விட்டுப் போய்விட்ட நேரத்தில், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதின ஒரே ஆள் நீதான். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை.

அதனால்தான் கையை வைத்தார். அதிர்வைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். நாற்பது வருஷம் அந்தப் பெட்டியோடு இருந்தவர், கையாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றார்.

இரண்டாவது பெட்டி வந்தபோது அவர் தூங்கின நேரத்தில் நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அப்போதே தெரிந்தது. எனக்கே தெரிந்தது. நன்றாக இல்லை. காலையில் அவர் இரண்டு பெட்டியிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப ரெண்டும் ஒண்ணு! ரெண்டும் ஒண்ணு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ கேட்டுப் பாரேன், எப்படி இருக்கு?” என்றார். ஒரு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். நல்லா இருக்கு என்று ஆட்டினேன். அதை உனக்கு எழுதிப் போட ஒரு மாதம் கை வரவில்லை. கடைசியில் எழுதிப் போட்டேன். உன் வேலையைக் கெடுத்தது அவர் இல்லை, நான்.

ஜூனில் கேட்டேனே, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்று. அந்த அம்மாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

செப்டம்பர் கடிதத்தையும் வழக்கம்போலத் தபால்காரரிடம் அவரேதான் வாங்கினார். நான் சமையலறையில் இருந்தேன். வந்து பார்த்தபோது படித்து முடித்திருந்தார். கோபமில்லை. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “நான் தப்பா சொல்லிட்டேனா?” என்றார். மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசிக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். இந்த முறை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்து பேசுவதில்லை. வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். பாப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறாள், பாட்டு வைப்பதில்லை.

உனக்கு யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. ஆனால் எழுது.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

உன் கடிதம் வந்து வாரக்கணக்கில் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நலம் விசாரிக்கிற வரியில் நின்று நின்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

அந்தக் காது ஆஸ்பத்திரி நான் தினமும் போகிற பஸ் வழியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். நீ மறந்துவிடாதே என்று எழுதியும் மறந்தேன். போன வாரம் இறங்கி உள்ளே போனேன். இருந்த டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

“ரெண்டும் போய் எவ்வளவு நாளாச்சு?”

“ஒரு வருஷம் ஆகப் போகுது.”

“ஆரம்பத்துலயே கொண்டுவந்திருக்கணும். நீங்க சொல்றதப் பாத்தா இனிமே கஷ்டம்தான். வேணும்னா கூட்டிட்டு வாங்க, பாக்கறேன். ஆனா ஆசை காட்ட எனக்கு மனசு வரல.”

கை ஏன் தப்பாகச் சொன்னது என்பதும் புரிந்துவிட்டது. பழையது கனத்த இரும்பு. உள்ளே என்ன ஆடினாலும் வெளியே கைக்குத் தெரியாது. நம்முடையது மெல்லிய தகடு, சின்னச் சத்தத்துக்கும் உதறும். அத்தான் பிடித்தது சுருளை இல்லை, தகட்டை. அவர் கை பொய் சொல்லவில்லை அக்கா. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். பெட்டி செய்தவன் நான்தானே. கை வைத்துக் கேட்டார் என்று நீ எழுதியபோது ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கம்பெனி அந்த வரிசையையே மூடிவிட்டது. அச்சுகளை உருக்கிவிட்டார்கள். மிஞ்சின சுருள்களை எடைக்குப் போட்டார்கள். கம்பி சுற்றுகிற அம்மா ஒரு கைப்பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அவரையும் பாட்டுக்காரியையும் எல்லோருக்கும் முதலில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்காரியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று போனேன், “விடுங்க சார், உங்க மேல தப்பில்ல” என்றாள். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள், அன்று சார் என்றாள்.

நானும் விலகிவிட்டேன். பழைய லிஃப்ட் வேலைக்கே, வேறொரு ஊரில். ஞாயிற்றுக்கிழமை இந்த அறையைக் காலி செய்கிறேன். இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம், போன பிறகு புதியதை எழுதுகிறேன்.

வா என்று நீ எழுதவில்லை, ஆனாலும் நீ நினைத்திருப்பாய். எப்படி வருவேன்? வந்து அவர் முன்னால் நின்று மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவருக்குக் கேட்காது. எழுதித்தான் காட்ட வேண்டும் என்றால் இதிலேயே எழுதிவிடுகிறேன். அத்தான், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபமில்லை அக்கா. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நானும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

தம்பி


டிசம்பர் 4

தம்பிக்கு,

நலமா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வரும்வரை காத்திருக்காமல் நானே எழுதுகிறேன். வருஷம் முழுக்க உன் அக்காவை எழுதவிட்டு நான் சட்டமாக உட்கார்ந்திருந்தது போதும்.

அவள் உனக்கு எழுதினதைத் தபாலில் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். நல்லது. நீ கேட்டதில் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன். அதை மனதில் வைத்துக்கொண்டு திரியாதே.

போன வாரம் ஒரு கிதார்க்காரர் வந்தார். நடுத்தர வயது. பழைய பெட்டி விலைக்கு உண்டா என்று எழுதிக் காட்டினார். வாசித்துப் பார்க்கச் சொல்லி இணைத்துக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மீட்டலில் புருவம் தூக்கினார், அப்புறம் வாய் லேசாகத் திறந்தது. சரி, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டேன். கேட்ட விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார். நான் கொடுக்கவில்லை. உன் அடுத்த மாதிரி வந்தால் பக்கத்தில் வைத்துக் கேட்க ஒரிஜினல் வேண்டாமா?

இந்தத் தடவை உன் அக்கா கேட்பாள். ஹெட்போனை மாட்டி தினமும் அவளை உட்காரவைக்கிறேன். முதலில் அழுதாள், இப்போது எழுதுகிறாள். நேற்று எழுதினது: “பழையதில் குரல் போய்விட்டுத் திரும்பி வருகிறது. புதியதில் போனது போனதுதான்.” நாற்பது வருஷத்தில் எனக்கு இப்படிச் சொல்லத் தெரிந்ததில்லை. இத்தனை நாள் அவளைக் கேட்காமல் விட்டேன்.

ஆக, ஸ்பாஞ்சை எடுத்துவிடு. அடிச்சத்தத்தை முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுபோ. முடிந்தால் தகட்டைக் கொஞ்சம் கனமாக்கு, செலவு என்று அழுதால் உன் மேனேஜரை எனக்கு எழுதச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பாட்டுக்காரப் பெண் சொல்வதைக் கேள். வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே.

மேஜையைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது மாதிரியைச் சீக்கிரம் அனுப்பு.

அத்தான்